கறிவேப்பிலையும் கரைப்பானும்

"என்னைக் கறிவேப்பிலையாக நினைத்துவிட்டான்" என்று மனம் நொந்து பேசுவோரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். காரியம் ஆகும்வரை வைத்திருந்து, ஆனபின் ஒதுக்கித் தள்ளுவதற்குத் தமிழர் கண்ட உவமை இது. குழம்புக்கு மணம் தந்த இலை, உண்ணும்போது வாழையிலையின் ஓரத்திற்குப் போய்விடுகிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. இனி அது வெறும் சக்கை என்பதே இவ்வுவமைக்குள் அடங்கிய எண்ணம்.

இந்த எண்ணம் இரசாயன முறைப்படி சரிதானா? ஒதுக்கப்பட்ட இலையில் மிஞ்சியிருப்பது என்ன? குழம்பில் சேர்ந்தது என்ன? காற்றோடு போனது என்ன? இவற்றை ஆராயப் புகுந்தால், கறிவேப்பிலையைப் பற்றி மட்டுமன்றி, துளசி, புதினா, கொத்தமல்லி, ஓமவல்லி முதலிய எல்லா மண இலைகளைப் பற்றியும் ஓர் உண்மை விளங்கும். "இந்த இலையில் என்ன சத்து இருக்கிறது?" என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அதற்கு அடுத்த கேள்வியான "அதை எதைக் கொண்டு எடுத்தார்கள்?" என்பதைக் கேட்பதில்லை. இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த வழி

நான் குடியிருப்பது மைசூரின் தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடியறையில். சிறிது தூரம் நடந்தால் சயாஜி ராவ் சாலையில் தேவராஜா மார்க்கெட். பூவும், வெற்றிலையும், நஞ்சன்கூட்டு வாழைப்பழமும், குங்குமக் குவியல்களும் நிறைந்த அந்த அங்காடியில், சின்னஞ்சிறு புட்டிகளில் நறுமண எண்ணெய் விற்கும் கடைகளும் உண்டு. நம் ஊர்க் கறிவேப்பிலைக்கு இங்கே 'கரிபேவு' என்று பெயர். தமிழில் வேம்பு, கன்னடத்தில் பேவு. இரு மொழியினரும் இதனை வேம்பின் உறவாகவே கருதினர். இலை வரிசை வேம்பைப் போல் தோன்றுவதே காரணம். ஆனால் தாவர நூலார் இதனை எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் குடும்பத்தில் சேர்ப்பர். எலுமிச்சை இலையைக் கசக்கினால் மணம் எழுவதும் கறிவேப்பிலையைக் கசக்கினால் மணம் எழுவதும் ஒரே குடும்பப் பண்பு. இரண்டிலும் இலையின் உள்ளே நுண்ணிய எண்ணெய்ப் பைகள் உள்ளன. கசக்கும்போது அவை உடைகின்றன.

இந்த இலை தமிழர் அடுப்பங்கரைக்கு நேற்று வந்த விருந்தன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து சமைக்கும் செய்தி வருகிறது. அங்கே அதன் பெயர் 'கஞ்சகம்'. வெண்ணெயோடு சேர்த்துச் சமைத்தார்கள் என்பதை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

விஞ்ஞானப் பெயரிலும் தமிழ்நாட்டின் தொடர்பு உண்டு. 'முர்ரயா கோனிகீ' என்பது நூல்களில் நெடுங்காலம் வழங்கிய பெயர். இப்போது பலர் லின்னேயஸ் இட்ட 'பெர்கெரா கோனிகீ' என்னும் பழைய பெயருக்கே திரும்பியுள்ளனர். இரண்டிலும் மாறாமல் நிற்கும் 'கோனிகீ' என்ற சொல் யோகான் கெரார்டு கோனிக் என்பவரைக் குறிக்கும். இவர் லின்னேயஸின் மாணவர்; 1768-இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னாட்டுச் செடிகளைச் சேகரித்து ஆராய்ந்தவர்; 1785-இல் இறந்தார். அவர் பெயர் செடியோடு நின்றுவிடவில்லை. அச்செடியின் உள்ளேயுள்ள ஒரு பொருளுக்கும் ஏறியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இலைக்குள் இருப்பவை

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட 'இந்திய உணவுகளின் ஊட்ட மதிப்பு' என்னும் நூலின் அட்டவணையில் 100 கிராம் கறிவேப்பிலைக்குரிய அளவுகள் உள்ளன. ஈரம் ஏறக்குறைய 64 கிராம். கால்சியம் 830 மில்லிகிராம். கரோட்டின் 7,560 மைக்ரோகிராம். படிப்பவர் வியப்படைவர். ஆனால் ஓர் இணுக்கு இலையின் எடை இரண்டு கிராம் அளவே. அதில் உள்ள கால்சியம் 17 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். அதிலும் ஒரு பகுதி ஆக்சாலிக் அமிலத்தோடு இறுகப் பிணைந்து, உடலுக்கு எட்டாமல் கழிந்துவிடும். எனவே ஓர் அட்டவணையைப் படிக்கும்போது, "நான் உண்ணும் அளவில் இது எவ்வளவு?" என்றும் கணக்கிட வேண்டும்.

பிரித்தெடுக்கும் நோக்கில் பார்த்தால், இலையில் உள்ள பொருள்களை நான்கு வகையாகக் கொள்ளலாம்.

முதல் வகை, எளிதில் ஆவியாகும் நறுமணப் பொருள்கள். பைனீன், சபினீன், பெல்லாண்டிரீன், கேரியோபிலீன் என்பன இவ்வகையின. செடி வளர்ந்த மண்ணுக்கும் இனத்திற்கும் ஏற்ப இவற்றின் விகிதம் மாறும். ஓர் ஊர் இலைக்கும் மற்றோர் ஊர் இலைக்கும் மணம் வேறுபடுவது இதனால்தான்.

இரண்டாம் வகை, ஆவியாகாமல் எண்ணெயில் மட்டும் கரைபவை. பச்சையம், கரோட்டின் ஆகியவற்றோடு, 'கார்பசோல் ஆல்கலாயிடு' எனப்படும் அரிய பொருள்களும் இதில் அடங்கும். மருத்துவ ஆராய்ச்சியாளர் பெரிதும் நாடுவது இவற்றையே.

மூன்றாம் வகை, நீரில் கரைபவை. சர்க்கரையோடு இணைந்த பீனாலியப் பொருள்களும் சில உப்புகளும் இதில் சேரும்.

நான்காம் வகை, எதிலும் கரையாத நார்ப்பொருளும் கால்சியம் ஆக்சலேட்டும். இவை எந்தக் கரைப்பானுக்கும் அசையாமல் இலையிலேயே தங்கும்.

ஒரு வீட்டில் நான்கு அறைகள், நான்கு பூட்டுகள் என்று கொள்ளுங்கள். ஒரே திறவுகோலால் எல்லா அறைகளையும் திறக்க இயலாது. திறவுகோல்தான் கரைப்பான்.

அடுப்பங்கரையே ஆய்வுக்கூடம்

நம் அன்னையர் நாள்தோறும் இருவகைத் திறவுகோல்களைக் கையாளுகின்றனர். இலையை நீரிலிட்டுக் கொதிக்க வைத்தால் அது கசாயம். காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்தபின் இலையைக் கிள்ளிப் போட்டால் அது தாளிதம். இரண்டிலும் வெளிவருவன வெவ்வேறு.

தாளிதத்தைச் சற்று உற்று நோக்குவோம். எண்ணெயின் சூடு 150 பாகை சென்டிகிரேடுக்கு மேல். இலையில் பாதிக்கு மேல் நீர். அந்த நீர் ஒரு நொடியில் ஆவியாகிச் சடசடவென்று வெடிக்கிறது. நீராவி வெளியேறும்போது நறுமணப் பொருளையும் உடன் சுமந்து செல்கிறது. மீதியை எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அதே எண்ணெய் கரோட்டினையும் கார்பசோல்களையும் ஓரளவு கரைத்துக்கொள்கிறது. ஆகவே தாளிதம் என்பது ஆவியில் வடிப்பதும் எண்ணெயில் கரைப்பதும் ஒருங்கே நிகழும் செயல். தெருவில் போவோர் "ஆகா, என்ன மணம்!" என்று வியந்தால், அந்த மணம் குழம்பில் தங்காமல் தெருவுக்கு வந்துவிட்டது என்பதே பொருள். இலையைப் போட்டவுடன் மூடும் பழக்கம் உள்ளவர்கள் விஞ்ஞானம் அறிந்தே செய்கிறார்கள் எனலாம்.

வெண்ணெயில் கஞ்சகம் சேர்த்த பழந்தமிழர் சமையலின் நயமும் இங்கே விளங்குகிறது. கொழுப்பில் கரையும் பொருளுக்குக் கொழுப்பையே துணையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இதனை விடுதியறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கழுவி ஈரம் துடைத்த இலைகளைக் கசக்கி இரு பங்காக்குங்கள். ஒரு பங்கை வெந்நீரிலும், மறு பங்கை மிதமாகச் சூடேற்றிய தேங்காய் எண்ணெயிலும் அரைமணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். நிறமற்ற எண்ணெய் பச்சையாகும். நீரோ வெளிறிய மஞ்சள் கலந்த நிறத்தோடு நிற்கும். பச்சையம் எண்ணெயை நாடிச் சென்றதைக் கண்ணால் காணலாம். கரோட்டினும் அதன் வழியே சென்றிருக்கிறது. ஆனால் பச்சை நிறம் அதனை மறைத்துவிடுகிறது.

மானசகங்கோத்ரியில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் இதனை இன்னும் ஒரு படி மேலே கொண்டு சென்றேன். நீர்ச்சாறு, அசிட்டோன் சாறு இரண்டையும் சிலிக்கா பூசிய தகட்டில் ஒவ்வொரு துளி வைத்து, எக்சேனும் அசிட்டோனும் கலந்த நீர்மத்தில் நிறுத்தினேன். நீர்ச்சாறு வைத்த இடத்திலேயே கிடந்தது. அசிட்டோன் சாறு தகட்டில் ஏறி, உச்சியில் கரோட்டினின் ஆரஞ்சுப் பட்டை, அதன் கீழ்ப் பச்சையப் பட்டைகள், இன்னும் கீழே மஞ்சள் பட்டைகள் என்று பிரிந்தது. புறஊதா விளக்கின் கீழ்ப் பச்சையம் செந்நிறமாய் ஒளிர்ந்தது. ஒரே செடியின் இலை. ஒரே நாளில் பறித்தது. ஆயினும் இரு சாறுகளுக்கும் உறவே இல்லை என்று சொல்லத்தக்க வேறுபாடு! ருசிய நாட்டு அறிஞர் ட்ஸ்வெட், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலைச்சாற்றைச் சுண்ணப்பொடி நிரப்பிய குழாயில் வடியவிட்டு நிறங்களைப் பிரித்தபோது தோன்றிய கலையே இது. 'வண்ண எழுத்து' என்ற கருத்தில் அவர் இட்ட 'குரோமட்டோகிராபி' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

நீராவியின் வழி

அடுத்த திறவுகோல் நீராவி. இதில் மைசூருக்குப் பழைய அனுபவம் உண்டு. முதல் உலகப் போரினால் சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில், கட்டையை அப்படியே விற்பதை விடுத்து எண்ணெயாக வடிக்க முற்பட்டனர். 1916-இல் பெங்களூரிலும், அதனையடுத்து மைசூரிலும் அரசினர் சந்தன எண்ணெய் ஆலைகள் எழுந்தன. மூலப்பொருளை விற்ற நாடு, அதன் சாரத்தை விற்கும் நாடானது.

நீராவியில் வடிப்பதன் தத்துவம் எளிது. பைனீன் தனியே கொதிக்க 156 பாகை வேண்டும். அவ்வளவு சூட்டில் இலை கருகிவிடும். ஆனால் ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களைச் சேர்த்துச் சூடேற்றினால், இரண்டின் ஆவியழுத்தமும் கூடி, வெளிக்காற்றின் அழுத்தத்தை விரைவில் எட்டிவிடும். ஆகவே கலவை, நீர் கொதிக்கும் வெப்பநிலைக்கும் கீழேயே கொதிக்கும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 760 மீட்டர் உயரத்தில் உள்ள மைசூரில் நீரே 97, 98 பாகையில் கொதிப்பதால், இங்கே சூடு இன்னும் சற்றுக் குறையும். வெளிவரும் ஆவியைக் குளிரச் செய்தால் நீர் கீழே நிற்க, எண்ணெய் மேலே மிதக்கும்.

ஆனால் நீராவி முதல் அறையை மட்டுமே திறக்கும். மணம் வரும், கரோட்டினும் கார்பசோலும் வாரா. 'கறிவேப்பிலை எண்ணெய்' என்று புட்டியில் எழுதியிருப்பதைக் கண்டு, இலையின் மருந்துக் குணமெல்லாம் அதற்குள் இருப்பதாக எண்ணுவது பொருந்தாது. மணத்திற்கு அது ஏற்றது. கார்பசோலை எதிர்பார்த்தால் ஏமாற்றமே.

கரித்தாரும் கறிவேப்பிலையும்

கார்பசோலின் வரலாறு சுவையானது. 1872-இல் கிரேபே, கிளேசர் என்னும் செருமானிய வேதியர் இருவர், நிலக்கரித் தாரிலிருந்து இதனை முதன்முதலில் பிரித்தனர். சாயத் தொழிலுக்கு உதவும் ஒரு கரிப்பொருளாகவே உலகம் இதனை அறிந்திருந்தது. உயிருள்ள செடி இதனை ஆக்கும் என்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியாது. 1965-இல் கல்கத்தாவில் டி. பி. சக்கரவர்த்தியும் அவருடைய தோழர்களும், கறிவேப்பிலைச் செடியின் தண்டுப்பட்டையிலிருந்து எடுத்த 'முர்ரயானின்' என்னும் பொருள் கார்பசோல் அமைப்புடையது என்று நிறுவினர். தாவரத்திலிருந்து கிடைத்த கார்பசோல் ஆல்கலாயிடுகளில் அதுவே முதலாவது. அதன்பின் மகாநிம்பின், கிரிநிம்பின், கோனிகின் என்று வரிசையாக வெளிவந்தன. 'நிம்பம்' என்பது வேம்பைக் குறிக்கும் வடசொல். தரங்கம்பாடி மருத்துவர் கோனிக்கின் பெயரைத் தாங்கியது கோனிகின்.

ஆல்கலாயிடு என்றதும் நம் மாணவர்க்கு ஒரு பாடம் நினைவுக்கு வரும்: 'அமிலம் கலந்த நீரில் ஊறவை, ஆல்கலாயிடு உப்பாகி நீரில் இறங்கும்.' சிங்கோனாப் பட்டையிலுள்ள கொயினாவுக்கு இது பொருந்தும். கார்பசோலுக்குப் பொருந்தாது. இதில் நைட்ரஜனின் எலெக்ட்ரான் இணை, வளையத்தின் எலெக்ட்ரான் கூட்டத்தோடு கலந்துவிட்டது. அமிலத்தோடு சேர அதற்கு ஓய்வு இல்லை! ஆகவே காரத்தன்மை மிகக் குறைவு, உப்பாவதில்லை, நீருக்கு வருவதில்லை. இரசத்தின் புளிப்பும் இதற்கு உதவாது. 'ஆல்கலாயிடு' என்ற பெயரை மட்டும் நம்பிப் பழைய முறையைக் கையாண்டால், வேண்டிய பொருளைச் சக்கையோடு சேர்த்துக் கொட்டிவிடுவோம்.

எனவே அசிட்டோன் போன்ற கரைப்பான் தேவை. அசிட்டோன் 56 பாகையிலேயே கொதிப்பதால், எடுத்தபின் அதனை எளிதில் விரட்டலாம். எஞ்சுவது கரும்பச்சையான பிசின் போன்ற ஒரு பொருள். இதனை 'ஒலியோரெசின்' என்பர். மணமும் உண்டு, கார்பசோலும் உண்டு, பச்சையமும் உண்டு. நம் மைசூரிலேயே, 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள், அசிட்டோனில் எடுத்த கறிவேப்பிலை ஒலியோரெசினை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். கொழுப்புப் பொருள் காறிப்போகாமல் காக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்று கண்டனர்; மகாநிம்பினையும் கோனிகினையும் அதிலிருந்து பிரித்தனர். தீனி வகைகளிலும் எண்ணெயிலும் சேர்க்கும் செயற்கைப் பொருள்களுக்கு மாற்றாக இலைச்சாறு உதவக்கூடும் என்ற நம்பிக்கைக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

அசிட்டோனின் குறை இரண்டு. ஒன்று, அது எளிதில் தீப்பற்றும். மற்றொன்று, அதன் எச்சம் உணவில் தங்கலாகாது. அமெரிக்க நாட்டு உணவு விதிகள், நறுமணப் பொருள்களின் ஒலியோரெசினில் பத்து இலட்சம் பங்குக்கு 30 பங்கு அசிட்டோனுக்கு மேல் இருத்தல் கூடாது என்றும், எக்சேனாயின் 25 பங்கே எல்லை என்றும் வகுத்துள்ளன.

இக்குறைகளைத் தவிர்க்க ஒரு புதுவழி உண்டு. கரியமில வாயுவை 31 பாகைக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 73 மடங்கு அழுத்தத்திற்கு மேல் வைத்தால், அது வாயுவும் அல்லாமல் நீர்மமும் அல்லாமல் இடைநிலையில் நின்று கரைப்பானாக வேலை செய்யும். அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அதன் கரைக்கும் திறனை மாற்றலாம். அதாவது ஒரே திறவுகோலைப் பல பூட்டுகளுக்கு ஏற்ப வளைக்கலாம். வேலை முடிந்து அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு பறந்துவிடும், எச்சம் இராது. காப்பிக் கொட்டையிலிருந்து காபீனை நீக்கவும் இம்முறை பயன்படுகிறது. கருவியின் விலைதான் கண்ணைப் பறிக்கிறது.

விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

இவ்வளவும் அறிந்தபின், "கறிவேப்பிலை நீரிழிவைத் தீர்க்கும்" என்பது போன்ற செய்திகளை நாம் வேறு கண்ணோடு படிக்க வேண்டும். மகாநிம்பினை எலிகளுக்குக் கொடுத்துச் சர்க்கரை குறைந்ததாகக் காட்டும் ஆய்வுகள் உள்ளன. ஆனால் எலிக்குக் கொடுத்தது பிரித்தெடுத்த தூய பொருள்; நாம் காலையில் குடிப்பது இலை ஊறிய நீர். மகாநிம்பின் நீரில் கரையாது. இரண்டுக்கும் பொதுவானது செடியின் பெயர் ஒன்றுதான். ஊரில் வயது முதிர்ந்த உறவினர் சிலர், இத்தகைய செய்தியை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்த எண்ணுவதைக் கேட்கிறேன். கறிவேப்பிலையை நாள்தோறும் மென்று தின்னட்டும்; நல்லதே. மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமை, விஞ்ஞானம் பயிலும் நம்மையே சாரும்.

எந்த மூலிகைச் சாற்றைப் பற்றிய செய்தியானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தக் கரைப்பானில் எடுத்தது? எவ்வளவு இலைக்கு எவ்வளவு சாறு? சோதித்தது குழாயிலா, எலியிலா, மனிதரிடத்திலா? மூன்றுக்கும் விடையில்லாத செய்தியை ஒரு கைப்பிடி உப்போடு சேர்த்து ஓரமாக வைத்துவிடலாம்.

காரமடையின் கேள்வி

நான் கோவை மாவட்டத்துக் காரமடையைச் சேர்ந்தவன். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கங்களில் கறிவேப்பிலை தோட்டப் பயிராகவே விளைகிறது. பிற ஊர்களில் காய்கறி வாங்குவோருக்குக் கொசுறாகக் கிடைக்கும் இந்த இலை, எங்கள் ஊரில் பல குடும்பங்களுக்குச் சோறு. என் படிப்புச் செலவும் இந்த இலையில் வந்ததே. பறித்த மறுநாளே வாடத் தொடங்குவதால், வந்த விலைக்குத் தள்ள வேண்டிய நிலை. வரத்து மிகுந்தால் பறிகூலிக்கும் கட்டாது. ஒருநாள் அப்பா தொலைபேசியில் கேட்டார்: "ஏங்கண்ணு, இந்தத் தழையிலே எண்ணெய் எடுத்தா நல்ல வெலைக்குப் போகுதாமே, அதை நம்மூர்லயே எடுக்க முடியாதா?"

சந்தனத்திற்கு மைசூர் 1916-இல் கேட்ட அதே கேள்விதான் இது. கணக்கிட்டுப் பார்ப்போம். நீராவியில் வடிக்கும் எண்ணெய், பச்சை இலையின் எடையில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. நூறு கிலோவுக்குக் கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், விறகுச் செலவும் வடிகலத்தின் செலவும் போக நிற்பது, அந்தக் கால் கிலோவின் விலையைப் பொறுத்தது. வாங்குவோரை உறுதி செய்துகொள்ளாமல் இறங்குவது தகாது. ஆனால் சிறு வடிகலம் ஒரு கிராமத்தின் ஆற்றலுக்கு உட்பட்டது. விலை வீழ்ந்த நாளில் வீணாகும் இலைக்கு அது ஒரு போக்கிடம். எஞ்சும் சக்கை எருவாகும். நிழலில் உலர்த்திப் பொடியாக்குவது இன்னும் எளிது. பொடியில் நான்கு அறைகளும் அப்படியே இருக்கின்றன. மணத்தில்தான் சிறிது இழப்பு.

அசிட்டோன் முறை அவ்வாறன்று. தீயைக் காக்கும் கட்டடமும், கரைப்பானை மீட்கும் கருவியும், பயின்ற ஆளும் இன்றி அதனைத் தொடலாகாது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கரைப்பானுக்கு நல்லது கெட்டது தெரியாது. எண்ணெயில் கரையும் கார்பசோலை எடுக்கும் அசிட்டோன், எண்ணெயில் கரையும் பூச்சிமருந்தையும் சேர்த்தே எடுக்கும். நூறு கிலோ இலையிலிருந்து நான்கு கிலோ ஒலியோரெசின் வருவதாகக் கொள்வோம். இலையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் மருந்தெச்சம் இருந்து, அது முழுவதும் சாற்றில் இறங்கினால், சாற்றில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் ஆகிவிடும். இலையை நீரில் அலசியும் போகாத எச்சம், சாற்றில் 25 மடங்காகச் செறிந்து நிற்கும்!

இது வெறும் கற்பனை அச்சமன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் வெளியிட்ட இறக்குமதி விதிகளில், பூச்சிமருந்து எச்சத்திற்காகக் கூடுதல் சோதனைக்கு உட்பட்ட பொருள்களின் பட்டியலில் இந்தியக் கறிவேப்பிலையும் இடம்பெற்றது. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அஞ்சி அடிக்கும் மருந்து, இலையோடு கடல் கடந்து, நம் பெயருக்கும் மாசு கற்பிக்கிறது. ஆகவே அப்பாவுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "எடுக்கலாங்கப்பா. ஆனா, மொதல்ல மருந்தடிக்கறதைக் கொறைக்கோணும். நஞ்சில்லாத தழை இருந்தாத்தான் எண்ணெய்க்கும் வெலை, தழைக்கும் வெலை."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பூச்சிக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. அதற்கு இரசாயன மாணவன் ஒருவனால் தனியே விடை கூற இயலாது. பூச்சி நூல் படிப்பவர் வேண்டும். பயிர்த்தொழில் படிப்பவர் வேண்டும். கூட்டுறவு முறையில் வடிகலம் அமைத்தால் முதலுக்கு மோசம் வாராமல் கணக்கிட்டுச் சொல்லப் பொருளாதாரம் படிப்பவர் வேண்டும்.

நம் சங்கத்தில் இத்துறையினர் எல்லோரும் இருக்கிறார்கள். மாதந்தோறும் கூடும் நாம், ஒரு கூட்டத்தையேனும் இதற்கு ஒதுக்கலாம் அன்றோ? மைசூரில் கற்பதை, நாம் விட்டுவந்த ஊர்களின் வயலுக்கும் வடிகலத்திற்கும் கொண்டு சேர்ப்பது நம் கடன். கறிவேப்பிலை ஒரு தொடக்கம். நாமக்கல் பக்கத்து நண்பரும், தேனிப் பக்கத்து நண்பரும் தத்தம் ஊர்ப் பயிரைப் பற்றி இதே கேள்வியை எழுப்பட்டும்: இதில் என்ன இருக்கிறது? எதைக் கொண்டு எடுப்பது? எடுப்பதால் யாருக்கு வாழ்வு? மூன்றுக்கும் விடை தேடும் கல்வியே நாட்டுக்கு உதவும் கல்வி.